அண்ணன் சொம்பில் வைத்த பழி

எழுமலையில் முத்திருளன் தோட்டத்துக்குக் கிளம்பியதும் அவன் வீட்டில் தினம் ஒரு திருட்டு நடக்கும். மாட்டுக்கொட்டத்தில் படுத்திருக்கும் தம்பி ஆண்டிச்சாமி அடுப்படிக்குள் நுழைந்து, அண்ணனின் பித்தளைச் சொம்பில் வாய்வைத்துக் குடித்து, விளிம்பை நாக்கால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவான்.

லாரி ஓட்டிய காலத்தில் வந்த எச்.ஐ.வி. முற்றிவிட்டது என்று தெரிந்த அன்றே அண்ணன் அவனைக் கொட்டத்துக்குத் தள்ளியிருந்தான். "மாட்டுக்கு ஒண்ணும் ஒட்டிக்கிறாதுல்ல சார்?" என்று கால்நடை டாக்டரிடம் வேறு விசாரித்தான். அது காதில் விழுந்தபோதுதான் ஆண்டிச்சாமி கறுவினான்: "மாட்டுக்கு ஒட்டாது. ஒனக்கு ஒட்டும்ணே."

ஒருநாள் முத்திருளன் தும்மினான். ஏறிருச்சு என்று துள்ளினான் ஆண்டிச்சாமி! நோய் அங்கே போனால் இங்கே குறையத்தானே வேண்டும்? மதுரை டாக்டர் ஹம்சவேணி வேறு கிருமி தொற்றாமலிருக்கத் தினமும் போடச் சொன்ன தடுப்பு மாத்திரையை எருக்குழியில் எறிந்தான். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னது ஞாபகமே இல்லை.

காய்ச்சல் வந்ததோ ஆண்டிச்சாமிக்கு. வயிற்றாலே போய்க் கண் செருகிக் கிடந்தவனை, கையில் உரப்பையைச் சுற்றிக்கொண்டு முத்திருளன்தான் வேனில் தூக்கிப் போட்டான்.

மதுரையில் ஊசியும் டிரிப்ஸும் ஏறிக் கண் விழித்தவன் ஹம்சவேணியிடம் முதலில் கேட்டது: "எங்கண்ணனுக்கு ரத்தம் பாத்தீகளா டாக்டரம்மா? இம்புட்டு நாளா அவன் சொம்பை எச்சி பண்ணிருக்கேன்."

"அட பாவி, நாக்கால வேறயாடா?" வாசலில் நின்ற முத்திருளன் அலறினான்.

ஹம்சவேணி சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "எச்சில்ல எச்.ஐ.வி. பரவாதுப்பா. சொம்புல இருந்த கிருமிதான் ஒங்களுக்கு வந்திருக்கு. காய்ச்சாத தண்ணி. ஒங்கண்ணன் ஒடம்பு அதைத் தாங்கிருச்சு. ஒங்களுக்கு எதிர்ப்புச்சக்தி இல்ல, ரத்தத்துல ஏறிருச்சு." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒங்களுக்கு ஒண்ணும் வராது. ஆனா சாணிக்கு நடுவுல கெடந்தா இவருக்குக் கண்ட கிருமியும் வரும்."

"நான் எம்புட்டு நாள் இருப்பேன்?" என்றான் ஆண்டிச்சாமி.

"மாத்திரையை நிறுத்தாம, காய்ச்சின தண்ணி குடிச்சு, காய்ச்சல்னா அன்னைக்கே இங்க வந்தீங்கன்னா ரொம்ப வருசம்."

ஆண்டிச்சாமி கண்ணில் பழி திரும்பவும் மினுங்கியது. "கேட்டுக்கண்ணே. நோயாளிய ஒதுக்கிவச்சா நோய் ஒதுங்காது, கூடத்தான் செய்யும். நானும் நோயைக் குடுத்துப் பழிவாங்கப் பாத்தேன், மடப்பய. உசுரோட இருந்து காட்டுறதுதான்ணே பழி. மாத்திரையை ஒழுங்காப் போட்டு, ஒன்னையச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டுத்தான் நான் போவேன்."

முத்திருளன் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த கஞ்சியைக் கரண்டியில் அள்ளினான்.

"என்னையத் தூக்கத் தெம்பு வேணும்லடா. வாயத் தொற."