ஒண்ணாம் நம்பர்

கூட்டத்தில் இருந்தவர்கள்: மேலாளர், அவருக்கு இடப்பக்கம், தொண்டை கட்டியிருந்ததால் வெந்நீரைக் குடித்துக்கொண்டே இருந்த மனிதவளத்துறைப் பெண், வீடு வீடாகப் போய் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கும் ஆட்களை மேய்க்கும் சூப்பர்வைசர், மேசையின் கோடியில் மடிக்கணினியோடு படக்கா. இல்லாதவர் ஒருவர்தான், அந்த ஆட்களில் ஒருவரான கேஸ் அண்ணன். ஆனால் சுவர் முழுக்க இருந்தது அவர்தான்.

சுவரில் இருந்தது அவருடைய முகம் அல்ல, ஒரு முள். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் வண்டி முள்ளைப் போல, அரைவட்டத்தின் சிவப்புப் பகுதியில் சாய்ந்து கிடந்தது. பழுது பார்த்த அன்றே வாடிக்கையாளருக்குக் கம்பெனியிலிருந்து போன் போகும். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கும். ஜனங்கள் அமுக்கும் எண்களையெல்லாம் கூட்டி, சராசரி எடுத்து, ஆளுக்கொரு முள்ளாகச் சுவரில் காட்டுவதுதான் படக்காவின் வேலை. அந்தத் திரைக்கு டாஷ்போர்டு என்று பெயர். மேலாளருக்கு அது வாயில் நுழையாது, "படம் போடும்மா" என்பார். அதைக் கேட்டுக்கேட்டு ஆபீஸ் இளவட்டங்கள் படம் காட்டுற அக்கா என்று ஆரம்பித்து, படக்கா என்று சுருக்கிவிட்டார்கள். முதலில் சுருக்கென்றிருந்தது. இப்போது அவளே போனை எடுத்தால் "படக்காதான் பேசறேன், சொல்லு" என்கிறாள். எதையும் எதிர்த்துக்கொண்டிருக்க ஒரு தெம்பு வேண்டும். அது எப்போது தீர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். மேலிடத்தில் ஆளைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"எல்லார் முள்ளும் பச்சையில நிக்குது. இவர் ஒருத்தர்தான் தரையில கிடக்கார்," என்றார் மேலாளர்.

சூப்பர்வைசர் கழுத்தைச் சொறிந்தார். "வேலை தெரிஞ்ச ஆளு சார். பழைய மாடலுக்கெல்லாம் அவரை விட்டா கைவைக்க ஆளில்ல."

"நானா சொல்றேன்? முள்ளு சொல்லுது."

முள் சொன்ன பிறகு யார் என்ன பேசுவது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் ஒரே பக்கத்தில், மேலிடத்துக்குப் புரிகிற மாதிரி, அழகாக ஒரு படம் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். படக்கா தலையை ஆட்டினாள். ஒரு மனிதனை வெளியே அனுப்புவதற்கான படத்துக்கு எந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று அவள் மனம் அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. பழக்கம், வேறொன்றுமில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளாகச் செத்துக் கிடந்ததை அன்று காலைதான் கேஸ் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடிகளெல்லாம் அவர் பங்குக்கு விட்ட ஏரியா. மாமனார் பிரிட்ஜுக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எது ஓடினாலும் கூடவே ஒருத்தர் இருக்க வேண்டும் என்று நினைக்கிற சுபாவம்.

"ஆளு எப்படி மாமா வேலை பார்த்தார்?"

"தங்கமான மனுஷன். பின்பக்கம் திறந்து, எலி கடிச்ச வயரை எடுத்துக் கையில குடுத்தாரு. வேற எவனாவது வந்திருந்தா கம்ப்ரசர் போச்சுன்னு நம்ம தலையில கட்டியிருப்பான்."

"கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சா?"

"வந்துதே. ஒரு பொண்ணு பேசிச்சு. நான் வணக்கம் சொல்றேன், சாப்பிட்டியாம்மான்னு கேக்கறேன், அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போகுது. அப்புறம்தான் மெஷின்னு புரிஞ்சுது."

"எத்தனை அமுக்கினீங்க?"

"ஒண்ணு."

தோளில் இருந்து இறக்கிய பையை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "தங்கமான மனுஷன்னீங்களே?"

"அதுக்குத்தானே ஒண்ணு. ஒண்ணாம் நம்பர்! அவரே சொன்னாரே. போன் வரும் ஐயா, என் வேலை பிடிச்சிருந்தா ஒண்ணை அமுக்கி விடுங்க, கம்பெனியில அதான் டாப்புன்னாரு. நான் சரியா விழலையோன்னு இன்னொரு தடவையும் அமுக்கினேன்."

"ரெண்டாவது சேராது மாமா."

"சேரலைன்னா போகட்டும். ஒண்ணு போய்ச் சேர்ந்துச்சுல்ல?"

"சேர்ந்துச்சு," என்றாள்.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். ஐந்துதான் உச்சம் என்பது யாருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? போன் குரலில் முன்பு ஒரு வரி இருந்தது: ஐந்து என்றால் மிக நன்று, ஒன்று என்றால் மிக மோசம். நிறையப் பேர் பாதியிலேயே போனை வைத்துவிடுகிறார்கள் என்று அவள்தான் ஒரு படம் போட்டுக் காட்டினாள். பேச்சு நீளம், வெட்டு என்றார் மேலாளர். வெட்டியது அந்த வரியைத்தான். பதில் சொல்கிறவர்கள் கூடினார்கள், அதற்கும் அவள் ஒரு படம் போட்டாள், அதற்குக் கைதட்டினார்கள். அது போதாதென்று ஆட்கள் போட்டுக்கொண்டு போகும் சட்டையின் முதுகில் "நாமே நம்பர் ஒன்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு அலைகிறவன் ஒன்றை மோசம் என்று எப்படி நினைப்பான்.

மறுநாள் ஆபீஸில் முதல் வேலையாகக் கேஸ் அண்ணனின் முள்ளை எடுத்துவிட்டு, சராசரி எடுக்காமல், ஒன்றுக்கு எத்தனை பேர், இரண்டுக்கு எத்தனை பேர் என்று தூண் தூணாக நிறுத்தினாள். இடது ஓரத்தில் ஒன்று ஓங்கி நின்றது. வலது ஓரத்தில் ஐந்து, அதைவிடக் கொஞ்சம் குட்டை. நடுவில் இரண்டும் மூன்றும் நான்கும் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி. மாட்டுத் தலை போலிருந்தது, இரண்டு கொம்பும் நடுவில் மொட்டையும். அவர் பேச்சைக் கேட்டவர்கள் ஒரு கொம்பு, கேட்காமல் தன் புத்திப்படி அமுக்கியவர்கள் இன்னொரு கொம்பு. இரண்டையும் கூட்டி வகுத்து, எவருமே கொடுக்காத ஒரு மார்க்கை இத்தனை நாள் முள்ளால் குத்திக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு மற்ற ஆட்களையும் அப்படியே நிறுத்திப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரே தூண், ஐந்தில். பனைமரம் மாதிரி, பக்கத்தில் ஒரு செடிகூட இல்லை. மனிதர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கும் மார்க் இப்படி இருக்காது. ஒருத்தர் காபி ஆறிப்போன கோபத்தில் மூன்று போடுவார், ஒருத்தர் யாருக்குமே ஐந்து போடமாட்டேன் என்று சபதம் எடுத்தவராக இருப்பார். இங்கே எல்லாரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் வாசலில் செருப்பை மாட்டும்போது வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கேஸ் அண்ணனும் கேட்டார். அவர் எண்ணைத்தான் மாற்றிக் கேட்டார்.

ஒன்றை ஐந்தாக மாற்றுவது அவளுக்கு ஒரு வரி வேலை. அவருக்கு மட்டும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். எழுதிப் பார்த்தாள். முள் விருட்டென்று பச்சைக்குப் போய் நின்றது. அதுவும் பொய், உண்மையாகவே கோபத்தில் ஒன்றை அமுக்கியவர்கள் அதற்குள் எத்தனை பேரோ. அழித்துவிட்டாள். உள்ளதைச் சொல்லலாமென்றால் அதில் வேறொரு வம்பு இருந்தது. கம்பெனி விதிப்படி வாடிக்கையாளரிடம் மார்க் கேட்பது ஒழுங்கீனம், அன்றே சீட்டுக் கிழியும், நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. சொல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தவராகக் கௌரவமாகப் போவார். சொன்னால் ஏமாற்றியவராகப் போவார். இரண்டிலும் வாசல் ஒன்றுதான்.

மதியம் பின்கட்டில் இருந்த ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கேஸ் அண்ணன் தரையில் குந்தி, பையில் இருந்த குழாய்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். பிரிட்ஜுக்குள் கேஸ் நிரப்புவதில் கெட்டிக்காரர் என்பதால் வந்த பேர்; அவருக்கு வாயுத் தொல்லை என்று புதிய பையன்கள் அதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள்.

"வாங்க மேடம். பிரிட்ஜு மறுபடி நின்னு போச்சா?"

"ஓடுது அண்ணே. எங்க மாமனார்கிட்ட ஒண்ணை அமுக்கச் சொன்னீங்களா?"

அவர் எழுந்து நின்றார். வாசலைப் பார்த்தார். "எல்லாரும்தானே மேடம் சொல்றாங்க. நான் ஒருத்தன் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"எல்லாரும் அஞ்சை அமுக்கச் சொல்றாங்க அண்ணே. அஞ்சுதான் ஒசத்தி. ஒண்ணுன்னா மகா மட்டம்."

அவருக்கு அது உடனே உள்ளே போகவில்லை. கையில் இருந்த செம்புக் குழாயை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

"அப்போ வீடு வீடாப் போய் நானே எனக்கு வேட்டு வச்சுக்கிட்டேனா?"

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போறாங்க. உங்களைப் புதுப்பிக்கலை."

சிரிப்பு நின்றது. அவள் மற்றதையும் சொன்னாள். காரணத்தைச் சொன்னால் ஒழுங்கீனம் ஆகும் என்பதை இரண்டு தடவை சொன்னாள். "சொல்லாம விட்டுடட்டுமா அண்ணே? சான்றிதழாவது கையில இருக்கும்."

"அதுல என்னன்னு போட்டிருக்கும்?"

"நன்னடத்தைன்னு இருக்கும். புதுப்பிக்காத காரணம், மதிப்பெண் குறைவுன்னு இருக்கும்."

"அதாவது வேலை தெரியாதவன்."

அவள் காலடியில் கிடந்த ஒரு குழாயை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இங்க பாருங்க மேடம். வேலை தெரியாதவன்னு போனா என்னை எவன் எடுப்பான்? ஆள் பிடிச்சு மார்க் வாங்கினான்னு சொல்லி அனுப்புங்க. பரவாயில்லையே, விவரமான ஆளா இருக்கானேன்னு நாளைக்கே கூப்பிடுவான்."

"வேடிக்கையா இருக்கா உங்களுக்கு?"

"வேடிக்கை என்ன இதுல. என் வீட்டுக்காரிகிட்ட நான் என்னன்னு சொல்றது? இத்தனை வருஷம் மட்டமா வேலை பார்த்தேன், இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சாங்கன்னா? சொல்லிடுங்க." குந்தி உட்கார்ந்து மறுபடி குழாயை அடுக்கத் தொடங்கினார். சற்றுப் பொறுத்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "உங்களுக்கு ஏதும் வராதே?"

வரும் என்று அவளுக்குத் தெரியும். "எனக்கென்ன அண்ணே," என்றாள்.

வெள்ளிக்கிழமை சுவரில் முள் இல்லை. இரண்டு கொம்புதான் இருந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படக்கா சொல்ல வேண்டியதை எல்லாம் தட்டையான குரலில் சொன்னாள்: வெட்டிய வரி, ஒண்ணாம் நம்பர், மாமனார், எலி கடித்த வயர் உட்பட. ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. வேறு மாதிரி சொன்னால் குரல் நடுங்கிவிடும் என்று பயம்.

"சரி, மத்தவங்க ஜனத்துக்கு மட்டும் எப்படிம்மா அஞ்சு தெரிஞ்சுது?" என்று கேட்டார் மேலாளர்.

சூப்பர்வைசருக்குத் திடீரென்று இருமல் வந்தது. படக்கா பனைமரங்களைத் திரையில் போட்டாள். வரிசையாக, ஆளுக்கொன்று. மனிதவளத்துறைப் பெண் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிய குரலில், "விதின்னு பார்த்தா அத்தனை பேரையும்ல அனுப்பணும்," என்றாள்.

"அதை எடுத்துடுங்க," என்றார் மேலாளர், திரையைப் பார்க்காமல். "முதல்ல எடுங்கம்மா. இதை மேல அனுப்பினா, ரெண்டு வருஷமா நாம அனுப்பின முள்ளெல்லாம் என்னன்னு கேப்பான். நீங்களும் நானும்தான் பதில் சொல்லணும். முக்கியமா நீங்க."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"ஆமா சார்."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். கோபமாகவும் இல்லை. ஊரெல்லாம் நடந்து வந்து வீட்டுச் சாவியைக் காணவில்லை என்கிற மாதிரி ஒரு களைப்பு. கடைசியில் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "அந்த ஆளைக் கூப்பிடுங்க. பேசிப் பார்ப்போம்," என்றார். அவளிடம், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் உட்கார நாற்காலி இல்லை. மடிக்கணினியை இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். கேஸ் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். முழங்கை வரை ஈரம். தலையையும் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். அவங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியலை அண்ணே."

"படம் எங்கே? நானும்தான் பார்க்கறேனே, என்னை வச்சு எடுத்த படம்."

திறந்து காட்டினாள். அவர் கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எட்ட இருந்தே சிவப்புத் தூணின் அடியிலிருந்து நுனிவரைக்கும் விரலை மேலே கொண்டுபோனார்.

"இதுதான் ஒண்ணா?"

"ம்."

"இத்தனை பேரா?" என்றார். குரலில் வருத்தத்தைத்தான் அவள் எதிர்பார்த்தாள். "நான் சொன்னதை இத்தனை பேர் கேட்டிருக்காங்க பாருங்க மேடம்."

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் தலையை நீட்டி, "வாங்கண்ணே," என்றார். கேஸ் அண்ணன் ஈரக் கையைச் சட்டையின் பக்கவாட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் தடுமாறி, போட்டுக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடியது. கதவின் கீழே விழுந்த வெளிச்சத்தில் நாற்காலி ஒன்று இழுபடும் நிழல் தெரிந்தது. பிறகு யாரோ கதவருகே வந்து, வேறு யாரும் உள்ளே வராதபடி உள்பக்கமாகப் பூட்டைத் திருகினார்கள்.