இரண்டு முறை கழித்த சென்டிமீட்டர்

எங்கள் ஒர்க்‌ஷாப் டேப்புக்கு முன்பல் கிடையாது. நுனிக் கொக்கி உடைந்து, முதல் சென்டிமீட்டரும் நசுங்கிவிட்டது. அதனால் ஒன்றில் வைத்து அளப்போம். வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வோம். புது டேப் வாங்கலாம் என்று கூட்டாளி இரண்டு வருடமாகச் சொல்கிறான். "கழிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்பேனர்?" என்று அவன் வாயை ஒவ்வொரு தடவையும் அடைத்தது நான்தான்.

கூட்டாளியை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். இன்ஜினில் காதை வைத்துக் கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டான். இன்று காலை ஒரு பைக்கின் பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடுவரை டேப்பை இழுத்துப் பிடித்தான்.

"முப்பத்துநாலு."

"அப்ப முப்பத்துமூணு," என்று எழுதப் போனேன்.

"முப்பத்துநாலுதான்டா. ஒண்ணைக் கழிச்சிட்டுத்தானே சொல்றேன்."

பென்சில் நின்றது. "நேத்து?"

"நேத்தும் அப்படித்தான் சொன்னேன். ஏன், நீயும் கழிச்சியா?"

வழக்கமாக நானே அளந்து நானே எழுதுவேன். நேற்று வந்தது தங்கை வீட்டுக்காரரின் வண்டி. பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய் ஒழுகியதால் அலமாரியில் கிடந்தவற்றில் ஜோடி தேடினோம். இடப்பக்கத்துக்கு நான் அளந்தது, ஒன்று கழித்தது போக முப்பத்திரண்டு. வலப்பக்கத்துக்கு டாக்டர் முப்பத்துமூன்று என்று குரல் கொடுத்தான். நான் ஒன்றைக் கழித்து, ஜோடி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். வண்டி உட்கார்ந்துவிடக் கூடாதென்று ஒன்றை மாட்டிய பிறகுதான் அடுத்ததைக் கழற்றுவோம். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கடைசி போல்ட் ஏறாமல் முரண்டு பிடித்தது. அதைத் திட்டிக்கொண்டே சுத்தியலால் அடித்து ஏற்றினேன்.

அந்த வண்டியில்தான் தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் மலைப்பாதையில் இறங்கியிருந்தார்கள். அடிவாரத்தில் அவருக்குப் புது வேலை; வீடு பார்க்கப் போகிறார்கள்.

வண்டியில் ஏறிவிட்டால் மாப்பிள்ளை போனைத் தொட மாட்டார். தங்கையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு என் வண்டியில் கிளம்பினேன். ஒவ்வொரு வளைவிலும் சாலைக்கு முன்னால் தடுப்புச்சுவரைத்தான் பார்த்தேன். உடைந்திருக்கிறதா, டயர் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஆறாவது வளைவில் வண்டி சுவரோரம் நின்றது. இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள், முழுசாக.

"அண்ணே! நீ எப்படி இங்க?" என்றாள் தங்கை.

நேராகக் குனிந்து வலப்பக்கத்துக் கீழ் போல்ட்டைக் கழற்றினேன். வளைந்து வந்தது. நடுவில் பாதி வரை விரிசல்.

"வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு முதல் வளைவுலயே சொன்னேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "இவ நிறுத்தவே விடல. இங்க வந்து கடகடன்னு சத்தம் கேக்கவும்தான் நான் பிடிவாதமா நிறுத்திட்டேன்."

"பின்ன என்ன?" தங்கை சிரித்தாள். "எங்க அண்ணன் கைபட்ட வண்டி, பேசாம ஓட்டுங்கன்னேன். ரோடுதான் மோசம். இல்லண்ணே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ரோடு இல்லம்மா. நான்தான் அளவைக் கோட்டை விட்டுட்டேன். இந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நீளம்."

சிரிப்பு அடங்கியது. போல்ட்டை வாங்கி விரிசலை விரலால் தடவினாள். சுவருக்கு அப்பால் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்து நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே நீங்க சொன்னதும் நிறுத்திடலாங்க."