வெயிலில் ஒரு மழைக்கோட்டு

பீன்யா மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் ரூபினி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடினாள். அரைக் கிலோ கூடுதல். எடை பார்ப்பதற்குள் அது இறங்கினால்தான் இறுதி ஆட்டத்தில் ஆட முடியும். நேற்றிலிருந்து வாயில் சொட்டுத் தண்ணீர் படவில்லை.

அந்தக் கபடி மன்றத்தில் இது வழக்கம். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பயிற்சியாளர் சில்வெஸ்டர் அப்படித்தான் ஆடி மேலே வந்தவர். மரகதமும் அப்படி ஆடியவள்தான்; ஒருமுறை எடைமேடையிலேயே சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் கண்விழித்தாள். இப்போது அவள் மன்றத்தின் நலப் பொறுப்பாளர். பெண்கள் அணிக்கு அப்படி ஒருத்தி கட்டாயம் என்று விதி வந்ததால் அவள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ரூபினியின் கால் பின்னியது. மரகதம் ஓடிப்போய் மறித்தாள்.

"கோட்டைக் கழட்டுடி."

"இன்னும் ரெண்டு சுத்துக்கா..." நாக்கு குழறியது. உடம்பு கொதித்தது, வேர்வை நின்றுபோயிருந்தது.

சில்வெஸ்டர் பாய்ந்து வந்தார். "சும்னே இரு மரகதம்! சந்தாபுரா டீமை மடக்க இவ ஒருத்திதான். நீ ஆடலையா? செத்தா போயிட்ட?"

"பொழைச்சேண்ணா. இவளும் பொழைப்பான்னு நீ எழுதிக் குடுப்பியா?"

"அட்டை பேருக்குக் குடுத்தது!"

"குடுத்தாச்சு இல்ல?" மரகதம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

ரூபினி அழுதாள். கண்ணீர் வரவில்லை. "குடிச்சா நான் வெளியக்கா."

"ஆமா, வெளியதான். குடி."

அணித்தலைவி கிருத்திகா மற்ற பெண்களோடு வந்து நின்றாள். "மாஸ்டர், அவ குடிக்கலைன்னா நாங்க யாரும் எடைமேடை ஏற மாட்டோம்."

சில்வெஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து கோட்டின் ஜிப்பை இழுத்தார். உள்ளே பிள்ளை கிடுகிடுவென நடுங்குவதை அப்போதுதான் கண்டார். ரூபினி பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.

இறுதி ஆட்டத்தில் ரூபினியின் இடத்தில் டீனா இறங்கினாள். அதுவரை பெஞ்சைத் தேய்த்தவள். டாக்டர் பார்த்துவிட்டுப் போனபின் ரூபினி ஈரத்துண்டைத் தலையில் போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். புள்ளி சமமாக நிற்க, சந்தாபுராக்காரி கடைசியாகப் பாடி வந்தாள்.

"கணுக்கால், டீனா! பிடிடி!" ரூபினியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

டீனா விழுந்து பிடித்தாள். மேலே ஆறு பேரும் மலை போல் சாய்ந்தார்கள். விசில் ஒலித்தது. புழுதியும் கூச்சலும் ஒன்றாகக் கிளம்பின.

கப்பு சில்வெஸ்டர் கைக்கு வந்தது. அவர் நேரே தண்ணீர் டிரம்முக்குப் போய் அதில் முக்கி எடுத்து, தளும்பத் தளும்ப ரூபினியிடம் நீட்டினார்.

"முழுசா குடி."

"எடை ஏறிடும் மாஸ்டர்!"

"ஏறட்டும்டி!"

மரகதம் மழைக்கோட்டைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள்.