வியாழக்கிழமை பதினொரு மணி

வயர் போதவில்லை. கூடத்துத் தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறை நிலைப்படி வரை வந்துவிட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். அங்கே வயர் விறைத்து நின்றது. குனிந்து, அதைச் சுவரோடு பிடித்திருந்த சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், அவருடைய மகன் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான்.

"இப்ப அதுக்கு என்னப்பா அவசரம்?" என்றாள் மகள். அழுது அழுது அவளுக்குக் குரல் அடைத்திருந்தது.

"நாலு பேர் போன் பண்ணுவாங்க. அவன் தலைமாட்டுல நின்னுக்கிட்டுப் பேச முடியுமா?"

நியாயமான பதில்தான். அவள் ஒதுங்கிக்கொண்டாள். அன்று வியாழக்கிழமை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதினொரு மணிக்கு அந்தத் தொலைபேசி அடிக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. தெருவில் இன்னும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் இஸ்திரி போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தார். மகனுக்குத் தெரு வைத்த பெயர் பட்டாளத்தான். பன்னிரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து, சண்டையைப் பார்த்து, மூன்று வருடத்துக்கு முன் கை கால் முழுசாகத் திரும்பி வந்தவன். முழுசாக வந்ததால் என்ன குறை என்று யாரிடமும் காட்ட முடியவில்லை. சமையலறையில் தட்டு விழுந்தால் அவன் கட்டிலுக்கு அடியில் இருப்பான். வாசலில் வண்டி நின்றால் ஜன்னலைச் சாத்துவான். மாதம் ஒருமுறை பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய், மனநல மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்புவான்.

வெளியே வயிற்றுப் புண் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அது ஸ்டேஷன் மாஸ்டரின் உத்தரவு. மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சம்பந்தி, பெண் எடுக்கும் முன்பு மூன்று தலைமுறையை விசாரித்தவர். அந்த வீட்டில் ஒரு பைத்தியம் இருக்கிறதாமே என்று ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. சம்பந்தியும் நம்பினார். வரும்போதெல்லாம் வயிற்றுப் புண்ணுக்கு ஒரு புது மருந்தோடு வந்தார். அலமாரியில் பதினொரு பாட்டில் மூடி திறக்காமல் நின்றன. ஒருநாள் மகன் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "என் வயித்த மாதிரி சுத்தமான வயிறு இந்த ஊர்லயே கிடையாதுப்பா" என்றான். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன், பதினொரு மணிக்கு ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்து ஐந்து கேள்வி கேட்பாள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, கெட்ட கனவு வந்ததா, வெளியே போய் வருகிறீர்களா, உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா. தொடர்ந்து இரண்டு தடவை எடுக்காவிட்டால் வீட்டுக்கே வண்டி வரும். வண்டியின் பக்கவாட்டில் மனநலப் பிரிவு என்று முழங்கை நீள எழுத்தில் எழுதியிருக்கும்.

முதல் தடவை மணி அடித்தபோது மகன் அறையை விட்டு வரவில்லை. இரண்டாம் தடவை ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்தார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே குரல்; சொந்தக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். நீங்கள்தானே பேசுவது என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு மாதம். கடைசிப் பெட்டியின் பின்விளக்கைத் தன் கண்ணால் பார்க்காமல் முப்பத்து நான்கு வருட வேலையில் ஒருதடவைகூட அடுத்த ரயிலுக்கு லைன் கிளியர் கொடுக்காதவர், மகன் இரவெல்லாம் அறைக்குள் நடந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஆறு மணி நேரம் தூங்கினேன் என்று சொன்னார். எல்லா நாளும் ஒரே மாதிரி எழுதிய பதிவேட்டை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு தடவை ஐந்து மணி நேரம் என்பார். ஒரு தடவை லேசாகத் தலைவலி. ஒவ்வொரு தடவையும் நல்லதாக ஒன்று சேர்த்துக்கொள்வார். சைக்கிள் செயினை மாட்டினேன், பக்கத்து வீட்டு மோட்டாரைச் சரிபண்ணிக் கொடுத்தேன் என்று.

மகன் அப்போதெல்லாம் அடுத்த அறையில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தார்.

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பேப்பர் போடுகிறவர் அவனை ஆற்றுப்பாலத்தில் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். எழுப்பிப் பார்த்தாராம். இதயம் நின்றுபோயிருக்கிறது, நாற்பது வயதில் இப்படி வருவதுண்டு என்று அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, யாரும் பார்க்காதபோது, பிணவறையில் கொடுத்த பையில் கைவிட்டு மகனுடைய சட்டை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. கால்சட்டையைத் தடவினார். அதிலும் இல்லை.

ஈரம் இல்லாததால் என்ன ஆகிவிட்டது? ஆஸ்பத்திரி நாள் தவிரத் தெருவைத் தாண்டாதவன் விடியும் முன்னால் பாலத்துக்கு எதற்குப் போனான்? எதற்கோ போய், அதைச் செய்வதற்குள் நெஞ்சு நின்றுவிட்டதா? அந்தக் கேள்வியை நேற்றிலிருந்து அவர் யாரிடமும் கேட்கவில்லை. இரவுகளில் மகனுடைய நடைச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவர் கண் அசரும். எழுந்திருக்க ஏழு மணியாகிவிடும். அவன் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தான் என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. "பாலத்துக்கா? அவ்ளோ காலைலயா?" என்று சம்பந்தி ஒருதடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கேட்காததுதான் பெரிதாக இருந்தது. சமையலறையில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு அவரே தகவல் சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி வரும். சம்பந்தி கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்று ஒருதடவை வழக்கம்போலப் பதில் சொல்லி வைத்துவிடுவது, எல்லாம் முடிந்து அடுத்த வாரம் ஒரு கடிதம் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

பதினொரு மணிக்கு அடித்தது. வயர் இடையில் கிடந்ததால் உள்ளறைக் கதவை முழுக்கச் சாத்த முடியவில்லை.

"வணக்கம் சார். எப்படி இருக்கீங்க?" ஒரு நாளைக்கு நாற்பது பேரோடு பேசுகிறவளின் களைத்த குரல்.

நல்லா இருக்கேன் என்றார். தூக்கம் எப்படி என்று கேட்டாள். ஆறு மணி நேரம் என்றார். கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். மகள் பெரிதாக அழுதாள். என்ன சத்தம் என்று நர்ஸ் கேட்டாள்.

"விருந்தாளிங்க வந்திருக்காங்க" என்றார். சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கு நம்ப முடியவில்லை.

"வெளிய போயிட்டு வர்றீங்களா சார்?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் அவள் காத்திருந்தாள்.

"அவன் போயிட்டாம்மா. நேத்துக் காலைல. பாலத்துல."

யார் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததிலிருந்துதான் அவருக்கு விளங்கியது.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது தடவையே தெரியும், ஐயா." அதுவரை சார் என்றவள் ஐயா என்றாள். "மாசாமாசம் அவர் இங்க வந்து என் எதிர்லதான உக்கார்றாரு. அவர் ஒண்ணு சொல்வாரு, நீங்க போன்ல அதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்வீங்க."

டாக்டர் இந்த போனை நிறுத்தச் சொன்னாராம். வேண்டாம் என்றது மகன்தானாம். அவன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "'வியாழக்கிழமைதான் எங்கப்பா என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசறாரு. கதவுக்கு உள்பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன், விடுங்க'ன்னாரு."

ஸ்டேஷன் மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"பாலத்துக்கு எதுக்கும்மா போனான்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நீங்கதான் சொன்னீங்க. மூணு மாசம் இருக்கும். 'காலைல பாலம் வரைக்கும் நடந்துட்டு வர்றேன்'னு. எழுதி வச்சிருக்கேன்."

சொல்லியிருந்தார். அந்த வியாழன் சேர்த்துக்கொள்ளப் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை.

"அந்த மாசம் இங்க வந்தப்ப அதைச் சொல்லிச் சிரிச்சாரு. 'எங்கப்பா ஆயுசுல பொய் சொன்னவர் இல்ல, என்னால சொல்லவேண்டியதாப் போச்சு. நான் நடந்துட்டா அது பொய் இல்லையே'ன்னாரு. முதல் வாரம் தெருமுனையோட திரும்பிட்டாராம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து அஞ்சு மணிக்குப் போவாராம். பாலத்தைத் தொட ஒரு மாசம் ஆச்சு. அன்னிலருந்து ஒரு நாள் விடல, ஐயா. கேட்டுக்கு பெயின்ட் அடிச்சாரே, அதுவும் அப்படித்தான்."

கேட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று போன வருடம் ஒரு வியாழக்கிழமை சொல்லியிருந்தார். அடுத்த வாரம் மகன் பிரஷோடு வாசலில் குந்தியிருந்தான். ஒரு கோட் போதாது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்துவிட்டார்.

எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். நாலு மணிக்கு என்றார். அவள் வைக்கும் வரை அவர் வைக்கவில்லை.

கூடத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. யார் போனில் என்று சம்பந்தி கேட்டார். சொந்தக்காரங்க என்று சொன்னால் முடிந்துவிடும். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரில இருந்து" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் வருவதை அறிவிக்கும் குரல் அது. சமையலறை வரைக்கும் கேட்டது. "அவனுக்கு வயித்துல புண் இல்ல, சம்பந்தி. சண்டைக்குப் போயிட்டு வந்ததுல மனசு கெட்டுப்போச்சு. மூணு வருஷமா அதுக்குத்தான் வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தான். நாந்தான் மறைச்சேன். தினம் காலைல பாலம் வரைக்கும் நடந்துட்டு வருவான். நேத்தும் அப்படித்தான் போயிருக்கான்."

சம்பந்தி கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

"போக வர நாலு கிலோமீட்டர்."

"தினமுமா?"

"தினமும்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். கால்மாட்டில் துணி காற்றில் ஏறிக்கொண்டது. சரிசெய்ய யாரும் எழவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்தான் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார்.

மகனுடைய இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வலதுகால் பிளாஸ்திரி புதிது. இடதுகாலில் இருந்தது பழையது. ஓரம் நூல் பிரிந்து அழுக்கேறியிருந்தது. அதைச் சுற்றித் தோல் தடித்து மஞ்சளாகக் காய்த்திருந்தது, வெகுநாள் நடக்கிறவர்களுக்கு இருப்பதுபோல.

துணியை இழுத்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில் மடித்துச் செருகினார்.