எழுபது, ஐம்பத்தெட்டு, அறுபத்தாறு

மனிதன் கண்டுபிடித்த கருவிகளிலேயே ஒழுக்கத்தில் உயர்ந்தது மின்சார வண்டியின் சார்ஜ் காட்டும் எண்தான். கடிகாரம் முந்தும், தராசு சாயும், சாட்சி விலைபோவான். அந்த எண் மட்டும் யாருடைய முகத்துக்காகவும் தன்னை மாற்றிக்கொள்ளாது. அக்டோபர் மாதம், லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தைய காபி வேளையில், ஹார்லன் ஸ்கோக்லண்ட் இப்படித்தான் அறிவித்தார். வெளியே அவருடைய புது மின்சார பிக்அப் வண்டி பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. வடக்கு மின்னசோட்டாவின் அந்த ஊருக்கு அதுதான் முதல் மின்சார வண்டி.

ஜனவரியில் அந்த உத்தம எண் காலையில் எழுபது என்றது. பத்து மணிக்கு ஐம்பத்தெட்டு என்றது. மதியம், யாரும் சார்ஜ் போடாமலேயே, அறுபத்தாறு என்றது.

வேறொருவராக இருந்தால் குளிரின் மேல் பழி போட்டிருப்பார். ஹார்லன் காப்பீட்டு முகவர். முப்பது வருடமாக, தானாகவே தீப்பிடித்த கொட்டகைகளையும் தானாகவே மானில் மோதிய கார்களையும் நம்பாமல் பழகியவர். எண் குறைகிறது என்றால் வண்டி ஓடியிருக்கிறது. ஓட்டியது தான் இல்லை என்றால், வீட்டில் மிச்சம் இருப்பது மனைவி மார்லிஸ். மார்லிஸ் எங்கே ஓட்டிப் போவாள் என்று யோசிக்க அவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. ராய்ஸ் ஓஸ்ட்ரெம் வீட்டுக்குத்தான்.

ராய்ஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவன். மனைவியை இழந்து நான்கு வருடம் ஆகியும் தலையில் முடி குறையாதவன். பள்ளி இறுதி வருட நடன விருந்துக்கு மார்லிஸை அழைத்துப் போனவன். இவை மூன்றுமே ஹார்லனின் கணக்கில் குற்றங்கள். நான்காவது குற்றம் அக்டோபரில் நடந்தது. கராஜில் சார்ஜர் பொருத்த வந்த ராய்ஸ், ஒரு மணி நேர வேலையை முடித்துவிட்டு, சமையலறையில் மூன்று கோப்பை காபி குடித்தான். மார்லிஸ் எலுமிச்சைக் கேக் செய்திருந்தாள். அந்தக் கேக்கில் மொறுமொறுப்பான ஓரத் துண்டு ஹார்லனுக்கு என்பது திருமணமான நாளிலிருந்து அந்த வீட்டின் சட்டம். அன்று மாலை அவர் தட்டில் விழுந்தது நடுத் துண்டு.

"ஓரம் எங்க?"

"ராய்ஸ் சாப்பிட்டான். பாவம், ஒண்டி ஆளு."

அன்றிலிருந்து ஹார்லன் கேக்கைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அந்த ஊர்க்காரர்களை யாரும் வெல்ல முடியாது. கோபம் வந்தால் பனியைத் தள்ளுவார்கள். ஹார்லன் அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பாதையையும் சேர்த்துத் தள்ளினார்.

ஆனால் எண் குறைந்தது சரி, மதியம் ஏறியது எப்படி? இந்தக் கேள்விக்கும் ஹார்லனுக்கு விடை கிடைத்தது. ராய்ஸ் வீட்டில் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். என்ன திமிர்! அடுத்தவன் பெண்டாட்டியை வரவழைத்துக் காபி குடிப்பதும் அல்லாமல், போகும்போது அடுத்தவன் வண்டிக்குச் சார்ஜும் போட்டு அனுப்புகிறான். உபகாரியாம்!

ஓடிய தூரம் காட்டும் எண் ஒரு மைல்கூட நகரவில்லை என்பது உண்மைதான். அது ராய்ஸின் மேல் இருந்த சந்தேகத்தை உறுதியாக்கியது. மின்சாரம் தெரிந்தவனுக்கு ஒரு எண்ணைப் பின்னால் தள்ளி வைப்பது பெரிய காரியமா?

ஹார்லன் விசாரணையில் இறங்கினார். வெளியே அதற்குப் பெயர் பழுது பார்ப்பது. அடுத்த சனிக்கிழமை, உறைந்த ஹால்வர்சன் ஏரியில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்கும் போட்டி. அதற்கு அவர்தான் தலைவர். வழக்கமாக அங்கே காபிக்கும் ஒலிபெருக்கிக்கும் ராய்ஸின் பழைய பெட்ரோல் ஜெனரேட்டர்தான் மின்சாரம் கொடுக்கும். இந்த வருடம் அந்தப் புகை கக்கும் சனியன் வேண்டாம், எல்லாவற்றையும் என் வண்டியே தாங்கும் என்று அவர் கமிட்டியில் மார்தட்டியிருந்தார். அதனால் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

முதலில் சார்ஜர் கம்பியைக் கழற்றிப் போட்டார். சோதனைக்கு என்று சொன்னார். அது ராய்ஸ் போட்ட கம்பி என்பதைச் சொல்லவில்லை. பிறகு வண்டியின் திரையை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தார். முன்பக்கம் இருக்கும் சின்ன பேட்டரியின் முனையைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். எண் நாற்பத்தொன்று என்றது. கதவைச் சாத்தித் திறந்தார். ஐம்பத்திரண்டு என்றது. "அவ சொல்லிக் குடுத்த மாதிரியே பேசுது பாரு" என்று வண்டியின் மூஞ்சியில் சொன்னார்.

பின் சக்கரத்தடியில் ஓர் உப்பு பிஸ்கட்டை வைத்தார். வண்டி அசைந்தால் பிஸ்கட் நொறுங்கும். மறுநாள் காலை பிஸ்கட் நொறுங்கவில்லை. இருக்கவே இல்லை. வீட்டு நாய் கராஜில்தான் படுக்கும் என்பதை விசாரணை அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தடயத்தையே அழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்குக் கைபேசியில் வண்டியின் செயலி இருந்தது. அதைத் திறந்தால் வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர் கையெழுத்துப் போடக் குனிந்தால் திறப்பார். நிமிர்ந்தால் மூடுவார். சூப் ஆறும்வரை திறப்பார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பத்தாம் கட்டளை வந்தது. பிறனுடையதை இச்சியாதே என்று போதகர் சொன்னபோது ஹார்லன் முழங்கால்களுக்கு நடுவில் செயலியைத் திறந்து வைத்திருந்தார். வண்டி தேவாலய வாசலில் நின்றது. மார்லிஸ் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் எண் ஒன்று குறைந்தது. எப்படித்தான் செய்கிறார்களோ.

காபி வேளையில் ஆர்விட் பிடித்துக்கொண்டார். ஆர்விட் ஊரின் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு எங்கே வலிக்கும் என்பது அவருக்கு விலாசத்தோடு தெரியும்.

"என்ன ஹார்லன், உன் உத்தம புத்திரன் எப்படி இருக்கான்? காலைல ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு பேசறானாமே?"

"குளிருப்பா. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப சனிக்கிழமை காபி சூடா வருமா, இல்ல வீட்ல இருந்து பிளாஸ்க் எடுத்துட்டு வரணுமா?"

"வரும்யா. ஏரியே கொதிக்கும், பாரு."

"எதுக்கும் ராய்ஸ்கிட்ட ஜெனரேட்டரைத் தொடச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

ஹார்லன் இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டார். காபி மேசையின் மறு முனையில் ராய்ஸ் ஏதோ சொல்ல, மார்லிஸ் சிரித்தாள். ஹார்லன் சொன்ன எந்த விஷயத்துக்கும் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவர் எண்ணிப் பார்த்தார். எண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. மார்லிஸ் தன்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள், சதவீதம் சதவீதமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த காபி ஆறிவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மார்லிஸ் சொன்னாள்: "ராய்ஸை வரச் சொல்லியிருக்கேன். புதன்கிழமை வந்து வண்டியப் பாக்கறான்."

"அவனுக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

"சங்கத்துல மூணு மின்சார வண்டி வெச்சிருக்காங்க. அவன்தான் பாத்துக்கறான். உனக்கு என்ன தெரியும், சொல்லு?"

"நான் பாத்துட்டுதான இருக்கேன்."

"அது தெரியும். பாத்துட்டேதான் இருக்க."

புதன்கிழமை ராய்ஸ் வந்தான். ஒரு சின்னக் கருவியை வண்டிக்குள் செருகி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி "ஹ்ம்ம்" என்றான். அந்த "ஹ்ம்ம்" மார்லிஸுக்காகவே தயார் செய்து கொண்டுவந்தது என்று ஹார்லனுக்குத் தெரியும். கராஜில் மூவரும் தொப்பியும் கையுறையுமாக நின்றார்கள். மார்லிஸ் கையில் ஒரு தட்டு. தட்டில் எலுமிச்சைக் கேக்.

"பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றான் ராய்ஸ். "குளிர்ல கொஞ்சம் சார்ஜை ஒளிச்சு வெச்சுக்கும். மதியம் கொஞ்சம் சூடானா திருப்பிக் குடுக்கும். அதான் ஏறுது. அது திருட்டு இல்ல."

"நான் திருட்டுன்னு சொன்னேனா?" என்றார் ஹார்லன்.

"நீ ஒண்ணும் சொல்லல, ஹார்லன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா சின்ன பேட்டரி செத்துக்கிட்டு இருக்கு. அதனாலதான் நம்பர் தத்தளிக்குது. அது ஏன் சாகுதுன்னா, இந்த வண்டி தூங்கவே இல்ல."

"வண்டி தூங்குமா?" என்றாள் மார்லிஸ்.

"நிறுத்தி வெச்சா தூங்கிடும். தூங்கினா சார்ஜ் செலவாகாது. இத யாரோ எழுப்பிக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் பேசாம இருங்க, இப்பத் தூங்கிடும் பாருங்க."

மூவரும் பேசாமல் நின்றார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சிரமமான காரியம் இல்லை. வண்டிக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டு அடங்கியது. மார்லிஸ் தட்டை ராய்ஸ் பக்கம் நீட்டினாள். ராய்ஸ் வேண்டாம் என்றான். மறுபடி நீட்டினாள். ஐயோ வேண்டாம் என்றான். மூன்றாவது முறை நீட்டியபோது, இவ்வளவு சொல்லும்போது எடுக்காமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று சொல்லி, ஓரத் துண்டை எடுத்தான்.

ஹார்லனின் கை கையுறையிலிருந்து நழுவி, கைபேசி இருந்த கோட்டுப் பைக்குள் போனது. அவர் அனுப்பி அது போகவில்லை, அதுவாகப் போனது.

வண்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விளக்குகள் எரிந்தன. மின்விசிறி சுழன்றது.

ராய்ஸ் வண்டியைப் பார்த்தான். பிறகு ஹார்லனின் கோட்டுப் பையைப் பார்த்தான். கேக்கை மென்று விழுங்கும்வரை காத்திருந்து, "ஆப் யாரு போன்ல இருக்கு?" என்று கேட்டான்.

"என் போன்ல இல்ல" என்றாள் மார்லிஸ். "கேட்டேன். தர மாட்டேன்னுட்டான்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ அதத் தொறந்து வண்டிய எழுப்பற, ஹார்லன்?"

"எப்பவாவது."

"சூப்புக்கும் ரொட்டிக்கும் நடுவுல ஒம்பது தடவ" என்றாள் மார்லிஸ். "அப்படி என்னத்தத்தான் பாக்கற?"

"சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு."

"சார்ஜ் மட்டும்தானா? அதுல மேப்பும் இருக்கில்ல?"

ஹார்லன் நாயைப் பார்த்தார். நாய் கேக்கைப் பார்த்தது. தனக்கு அவசரமாக வேறு வேலை இருப்பதாகச் சொல்லி ராய்ஸ் கருவியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று விடைபெற அங்கே எல்லோரும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். ராய்ஸ் அன்று எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் போன பிறகு மார்லிஸ் தட்டைப் பணிமேசையின் மேல் வைத்தாள்.

"சரி, இது ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

அந்த ஊரில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. கொலைக் குற்றவாளிக்கும் அங்கே இதைத்தான் சொல்வார்கள்.

"மார்லிஸ், நான் வந்து..."

"அந்த ஆப்பை எடுத்துடு. இப்பவே, என் முன்னாலயே. நான் எங்க இருக்கேன்னு தெரியணும்னா என்னக் கேளு. வண்டியக் கேக்காத. இன்னொரு தடவ அதைத் தொட்டன்னு தெரிஞ்சுது, நான் நிஜமாவே எங்கயாவது போயிடுவேன். போறதுக்கு முன்னால உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

ஹார்லன் எடுத்தார். பிறகு கேக்கை எடுத்தார். தட்டில் நடுத் துண்டுகள்தான் இருந்தன.

ராய்ஸ் புது சின்ன பேட்டரியை மாட்டிக் கொடுத்தான். சனிக்கிழமை காலை வண்டி ஏரிக்கு நடுவில், இரண்டடி தடித்த ஐஸின் மேல் நின்று, காபிப் பானைகளையும் சாஸேஜ் வாட்டும் மின்சாரக் கல்லையும் ஒலிபெருக்கியையும் தாங்கியது. எண் எண்பதில் தொடங்கி, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு என்று படிக்கட்டில் இறங்கும் பெரிய மனிதர் மாதிரி நிதானமாக இறங்கியது. காபி கொதித்தது. ஆர்விட்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தது காபிக்குத்தான்.

ஹார்லன் அந்தப் புகழை நேரில் அனுபவிக்க முடியவில்லை. தலைவர் என்பதால் மீன்களை நிறுக்கும் மேசை அவருடையது. அது ஏரியின் மறு கோடியில் இருந்தது. வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது மார்லிஸ். கம்பிகளைக் கவனித்துக்கொள்ள ராய்ஸ். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது மேசையிலிருந்து தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது.

பதினோரு மணி வாக்கில் ஒலிபெருக்கியில் மார்லிஸ் யாரோ ஒருவரின் தொலைந்த கையுறையைப் பற்றி அறிவிக்கத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டாள். ஏரி முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. பக்கத்திலிருந்த யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

ஹார்லன் கைபேசியை மேசையின் மேல், தராசுக்குப் பின்னால் வைத்தார். கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல, குனிந்து, மூக்கு நுனியால் அழுத்தினார். நீக்கிய செயலி மறுபடி இறங்கியது. பெயர் கேட்டது, கொடுத்தார். 'வண்டியில் இருப்பவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்' என்றது.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

'மறுக்கப்பட்டது' என்றது.

கையில் மீனோடு வந்து நின்ற ஆர்விட் எட்டிப் பார்த்தார். "என்னப்பா மறுத்துட்டாங்க?"

"சிக்னல் இல்ல" என்று சொல்லிவிட்டு ஹார்லன் மறுபடி குனிந்தார். ஒருவேளை ராய்ஸ் கை தவறி அழுத்தியிருக்கலாம். ஒருவேளை வேண்டுமென்றே அழுத்தியிருக்கலாம். அப்படியென்றால் அவன் வண்டியின் திரைக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்? மறுக்கப்பட்டது. மறுபடி குனிந்தார். மறுக்கப்பட்டது. மறுபடி. ஆர்விடின் மீன் தராசில் ஒரு முறை வாலை அடித்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஹார்லன்" என்றாள் மார்லிஸ், நிதானமாக. "வேண்டாம்னு அழுத்தறது நான்தான். திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்காத. ராய்ஸ் இங்க இல்ல, சாஸேஜ் வாங்க வரிசைல நிக்கறான்."

ஏரியில் முந்நூறு பேர் நிறுக்கும் மேசையின் பக்கம் திரும்பினார்கள். அப்போது ஹார்லனின் மூக்கு ஏழாவது முறையாகத் திரையின் மேல் இருந்தது.