மொட்டை மலையின் எதிரொலி

லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி எட்டவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"மூச்சை உள்ள இழுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"இழுத்துத்தான்டி வச்சிருக்கேன்!"

ஏரிக்கரை அடையாளமே தெரியாமல் மாறிக் கிடந்தது. டிக்கெட் கவுண்டர், ஐஸ்கிரீம் வண்டி, காலால் மிதிக்கிற வாத்துப் படகுகள். மூன்று மலைமுகடுகள் மட்டும் அப்படியே நின்றன, நடுவில் அதே மொட்டைத் தலை. கல்யாணமான புதிதில் இங்கே வந்தபோது கணவர்தான் துடுப்பு போட்டார். அவள் முன்முனையில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர், "ஏய் பூசணி!" என்று கத்தினார். கரையில் அத்தனை பேர் இருக்கிறார்கள், மானம் போயிற்று அவளுக்கு. ஆனால் மலை "பூசணி… சணி…" என்று திருப்பிச் சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்த பிறகு அப்படிக் கூப்பிட நாதியில்லை. மலையாவது கூப்பிடட்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

நடு ஏரியில் படகுக்காரரிடம் துடுப்பை நிறுத்தச் சொன்னாள். நாத்தனார் பின்முனையில் இருந்தாள். அவள் முன்முனையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய் பூசணி!"

மூச்! தொண்டை கிழிய மறுபடி கத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"எதிரொலியாம்மா?" என்றார் படகுக்காரர். "எனக்குத் தலை நரைச்சதே இந்த ஏரியிலதான். ஒருநாள்கூட இந்த மலைங்க வாயைத் தொறந்ததில்ல. தூரம் ஜாஸ்தி."

"அதெப்படி? என் காதால கேட்டேனே!"

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். "அண்ணி, வாயைப் பொத்திக்கிட்டு எதிரொலி மாதிரியே கூப்பிடறதுல அண்ணன் கில்லாடி. சின்ன வயசுல கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு என்னை எத்தனை தடவை அழ வச்சிருக்கான்!"

பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது அவளுக்கு.

"அடப்பாவி மனுஷா! ஆயுசு பூரா ஏமாத்திட்டுப் போயிட்டாரே!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். மலை என்று நினைத்ததும் அவர்தான் என்றால், இனி எங்கே போய்க் கேட்பது?

படகுக்காரர் துடுப்பைக் கையில் எடுத்தார். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், பொத்திய வாயிலிருந்து, "பூசணி… சணி…" என்று வந்தது.

அண்ணனின் குரல் தங்கைக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அவள் திரும்பவில்லை. மொட்டைத் தலையைப் பார்த்தபடியே, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.