இஸ்திரி போட்ட ஜாக்கெட்

பொசுங்கும் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் கரிப்பெட்டி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். தூக்கி என்ன பயன், அண்ணனின் வெள்ளைச் சட்டையில் முதுகுப் பக்கம் ஒரு பழுப்பு முக்கோணம் பதிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் யார் துணியையும் அவன் தீய்த்ததில்லை. கூடப் பிறந்தவருக்கென்று அந்தக் கௌரவத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான் போலும்.

கரிப்பெட்டி என்பது தொழில் கொடுத்த பெயர். கரி போடுகிற பெட்டியை விட்டு மின்சாரப் பெட்டிக்கு மாறிப் பத்து வருஷமாகியும் தெருவில் யாரும் அதை மாற்றவில்லை.

அண்ணி எட்டிப் பார்த்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் போயிருந்தது.

"கருகிப்போச்சா?"

"முதுகுலதான் அண்ணி. மல்லாக்கத்தானே படுத்திருக்கார், யாரு பாக்கப் போறா?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு அந்த வரிசைதான். அண்ணி சட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

அண்ணனுக்கு ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. முந்தாநாள் இருட்டுகிற நேரத்தில், விளக்கில்லாத புறவழிச் சாலையில் சைக்கிளில் போனவரைப் பின்னாலிருந்து ஒரு பால் வண்டி இடித்துவிட்டது. உடம்பு நேற்றுச் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. பதினொரு மணிக்கு எடுக்க வேண்டும்.

பத்து மணிக்குக் கான்ஸ்டபிள் ஒரு பையோடு வந்தார். ஒற்றைச் செருப்பு, நசுங்கிய டிபன் பாக்ஸ், ஆரஞ்சு ஜாக்கெட். கம்பெனி கொடுத்தது, நெஞ்சைச் சுற்றியும் முதுகிலும் ஒளிப்பட்டை தைத்தது. அதன் கை மடிப்பு இன்னும் கத்தி மாதிரி நின்றது. கரிப்பெட்டி போட்ட மடிப்பு.

"சார், இதைப் போட்டிருந்தும் எப்படி சார் தெரியாமப் போச்சு?"

"தெரியலைன்னுதான் டிரைவர் சொல்றான். எந்த டிரைவர் தெரிஞ்சுதுன்னு சொல்லுவான்? இங்க கையெழுத்துப் போடுப்பா."

"வெளிச்சம் பட்டா இந்தப் பட்டை மின்னணுமே சார்."

"பேனா எழுதுதா பாரு."

எழுதியது.

முன்னறையில் கம்பெனி சூப்பர்வைசர் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர். அவருடைய ஜாக்கெட் நாற்காலி முதுகில் கிடந்தது. இரண்டும் ஒரே நாளில் கொடுத்தவை. கரிப்பெட்டி இரண்டையும் அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஜன்னல் இல்லாத அறை. செல்போன் டார்ச்சைக் கண்ணோரம் வைத்து அடித்தான். சூப்பர்வைசரின் பட்டையில் வெள்ளை நெருப்பு குபீரென்று எழுந்து கண்ணைக் கூச வைத்தது. அண்ணனுடையதில் அடித்தான். சாம்பல் நிறத்தில் ஒரு துணி. திருப்பிப் பிடித்தான், கிட்டே கொண்டுபோனான், ஈரக்கையால் துடைத்தும் பார்த்தான். துணிதான்.

ஜாக்கெட் வந்த அன்று, காலரில் ஏதோ குத்துகிறது என்றார் அண்ணன். பார்த்தால் ஒரு சின்னச் சீட்டு. அதில் இஸ்திரிப் பெட்டி படம், படத்தின் மேல் பெருக்கல் குறி.

"பாருங்கண்ணே, என் பொழப்பையே அடிச்சு வச்சிருக்கான்!"

கத்தரியால் அதை வெட்டி நெஞ்சில் மெடல் மாதிரி குத்திக்கொண்டு, கூடத்தில் ராணுவ நடை நடந்து காட்டினான். வீடே சிரித்தது. அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். அதன்பின் ஞாயிறு தவறாமல் அந்த ஜாக்கெட்டை வாங்கிவந்து தேய்த்தான். பட்டை சுருங்கிவிடக் கூடாதே என்று அதன் மேல் மட்டும் இரண்டு இழுப்பு கூடுதல். யார் மேலாவது பிரியம் வந்தால் பெட்டியின் சூட்டை ஒரு புள்ளி ஏற்றுவான். வேறு விதமாகக் காட்ட அவனுக்குத் தெரியாது.

வெளியே வந்து சூப்பர்வைசரைப் பிடித்தான்.

"சார், இஸ்திரி போட்டா பட்டை போயிடுமா?"

"துவைச்சாலும் போகும், வெயில்லயும் போகும். எல்லாந்தான் போகுது. இப்ப ஏன்பா அதைக் கிளறிக்கிட்டு?"

அண்ணியிடம் போனான்.

"அண்ணி, அண்ணன் எப்பவாவது இந்த ஜாக்கெட்டைப் பத்தி…"

"டீ ஆறுது. குடிங்க தம்பி."

டீ ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது. குடித்துவிட்டு மறுபடி குளியலறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் அண்ணன் மகள் கதவைத் தள்ளினாள்.

"சித்தப்பா, சூப்பர்வைசர் ஜாக்கெட்டைத் தேடுறாரு."

"உள்ள வா பாப்பா. இதைக் கொஞ்சம் பாரு." டார்ச்சைத் தூக்கினான்.

"அடிக்க வேணாம். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? கம்பெனிக்காரன் மட்டமான சரக்கு குடுத்துட்டான்னு சொல்லேன். அந்தாளைத் திட்டிட்டாவது அழுவேன்."

அவள் சிரிக்கவில்லை. சூப்பர்வைசரின் ஜாக்கெட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சுத்தி வளைக்காம சொல்லு பாப்பா. நான் தேய்ச்சதாலதானா?"

"ஆமா சித்தப்பா."

"அண்ணனுக்கு…"

"தெரியும். போன மாசமே பக்கத்து வீட்டு பைக் வெளிச்சத்துல நின்னு பாத்தாரு. வேற கேட்டு எழுதிக் குடுத்திருந்தாரு. வரல."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் மனசு ஒடஞ்சிடுவேன்னா?"

அந்தப் பதிலுக்காக அவன் கையேந்தி நிற்பது அவனுக்கே தெரிந்தது. அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்ல. சொன்னா அதுக்கும் ஒரு ஜோக் சொல்லுவீங்களாம். 'வேலைக்குக் கிளம்புற நேரத்துல அவனுக்காகச் சிரிச்சுக்கிட்டு நிக்கத் தெம்பில்லம்மா'ன்னாரு."

சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

தூக்க இன்னும் ஒரு ஆள் வேண்டுமென்று முன்னறையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டாம் முறை கூப்பிடவில்லை. வேறு யாரோ போய்த் தோள் கொடுத்துவிட்டார்கள் போலிருந்தது.